தோணி மாதா செய்யாத புதுமை

தோணி மாதா சுரூபத்தின் கழுத்துச் சங்கிலி காணாமல் போன செய்தி, கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை தைரியநாதனின் காதுக்கு எட்டுவதற்குள் நாகூரைத் தாண்டிவிட்டது. எடுத்தவன் கோயில்பிள்ளைதான் என்ற செய்தியோ அதற்கும் முன்னால் கிளம்பி, வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, திரும்பும் வழியில் ஒரு சோடாவும் குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தது. காரைக்காலில் அப்படித்தான். இத்தனை கடற்காற்று அடிக்கிற ஊரில் தபால்காரனுக்கு என்ன வேலை?

சங்கிலியும் லேசுப்பட்டதல்ல. சைகோனில் பிரெஞ்சுக்காரனிடம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய எஸ்தாக்கி முசியே, நடுக்கடலில் புயலுக்குத் தப்பியதற்காக நேர்ந்துகொண்டு போட்டது. அவர் சொல்லச் சொல்ல அந்தப் புயல் வருஷத்துக்கு வருஷம் பெருத்தது. முதலில் கப்பல் கொஞ்சம் ஆடியது. அடுத்த வருஷம் புகைக்கூண்டு சாய்ந்தது. கடைசியில் கப்பலே இல்லாமல் முசியே மட்டும் தொப்பியோடு காரைக்கால் துறையில் வந்து இறங்கியதாக ஆகிவிட்டது. புயலோடு சங்கிலியும் பெருத்தது. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்று கோவில்பத்துக்காரர்கள் சத்தியம் செய்தார்கள். உண்மையில் அது தைரியநாதனின் உள்ளங்கையில் அடங்கிவிடும். அடங்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அதுவே அவனுக்கு வினையாகப் போயிற்று.

மாதாவுக்குச் சங்கிலி போடுவது திருநாளுக்குத் திருநாள்தான். காலையில் ஏணி வைத்து ஏறிப் போட வேண்டும். சாயந்தரம் ஏணி வைத்து ஏறிக் கழற்றி, பூசைச் சாமான் அறையின் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். அந்த வருஷம் மங்களவார்த்தைத் திருநாள், பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தின் கடைசியில் வந்தது. மறுநாளே சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்தும் நாள். பாடுகளின் ஞாயிறுக்கு முன்னால் போர்த்தினால், பெரிய சனிக்கிழமை காலைப் பூசையில் குளோரியா பாடும்போதுதான் துணி விழும். அதுவரைக்கும் எந்தக் கொம்பனும் தொடக்கூடாது.

மற்ற ஊர்களில் துணியைச் சும்மா போட்டுவிடுவார்கள். தோணி மாதா கோயிலில் அது நடக்காது. ஒரு காலத்தில் பங்குனிக் காற்று கிழக்கு வாசல் வழியாக வந்து துணியைத் தூக்கிவிட, பூசையில் இருந்த பழைய சாமியார் மயங்கி விழுந்துவிட்டாராம். அவர் விழுந்த சத்தத்தில் கலங்கரை விளக்கம் அணைந்துவிட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. அன்றிலிருந்து சுரூபத்தின் பாதத்தடியில் துணியைச் சுற்றி ஓட்டுத் தையல் போட்டு, நூலின் நுனியைத் தொங்க விடுவது வழக்கம். குளோரியாவில் சாமியார் நுனியை இழுப்பார். தையல் பிரிந்து துணி சரசரவென்று இறங்கும். மேலே போர்த்துவது தைரியநாதன். கீழே தைப்பது அவன் பெண்சாதி வியாகுலம்.

பாடுகளின் ஞாயிறு அன்று பூசை முடிந்து பீரோவைத் திறந்தால் சங்கிலிப் பெட்டி காலி.

"கழட்டி வச்சேன் சாமி. சேசுநாதர் பாடு மேல ஆணையா வச்சேன்" என்றான் தைரியநாதன்.

பங்குச் சாமியார் தனிஸ்லாஸ் நாதர் கெட்டவர் அல்ல. மேற்றிராணியாராகிய பிஷப்புக்குப் பயந்தவர், எஸ்தாக்கி முசியேக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயந்தவர். சாயந்தரப் பிரார்த்தனையில் பிரசங்கத் தொட்டியில் ஏறி நின்று, மாதாவின் சொத்தை எடுத்த கை தானாகக் கொண்டுவந்து வைக்கட்டும் என்றும், அதுவரை தைரியநாதன் மணிக்கயிற்றைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு இறங்கினார். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தைரியநாதன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அவமானமாக இருந்ததா என்றால், இல்லை. ஒன்றுமே இல்லை. பிரசங்கத் தொட்டியின் படியில் ஒரு பலகை ஆடுகிறதே, ஆணி அடிக்க வேண்டுமே என்று மட்டும் நினைத்தான்.

முசியே விடவில்லை. பொலீசுக்குப் போனார். முந்தின ஐப்பசியில்தான் மேரி என்கிற நகரசபைக் கட்டடத்தில் பிரெஞ்சுக் கொடியை இறக்கி இந்தியக் கொடியை ஏற்றியிருந்தார்கள். பழைய பொலீஸ் கொமிசேர் கப்பலேறிவிட்டார். புதிதாக வந்த இன்ஸ்பெக்டருக்கு முசியே பிரெஞ்சில் பேசினார். இன்ஸ்பெக்டர் அவருக்கு இங்கிலீஷில் பதில் சொன்னார். இப்படியே நெடுநேரம் இருவரும் மிகுந்த மரியாதையோடு ஒன்றும் புரியாமல் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கைகுலுக்கிப் பிரிந்தார்கள். இல்லாவிட்டால் தைரியநாதன் அன்றைக்கே உள்ளே போயிருப்பான்.

கோயில் வேலை போனவன் நெரவிக்கு உளுந்து பிடுங்கப் போனான். நீலமேகம் என்கிற விவசாயி, திருடனோ சாமியாரோ, குனியத் தெரிந்தால் சரி என்று சேர்த்துக்கொண்டார்.

சம்பா அறுத்த தாளடியில் தெளித்த உளுந்து. பனி ஈரம் காய்வதற்குள் பிடுங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் நெற்று படபடவென்று வெடித்து மணியெல்லாம் நில வெடிப்பில் விழுந்துவிடும். அந்த வருஷம் வெடிப்பும் சாமானியமானதல்ல. நெரவியில் ஒருவர் கைத்தடியை உள்ளே விட்டுவிட்டு, அது எந்தப் பக்கம் வெளியே வரும் என்று காத்துக்கொண்டிருந்தாராம். தைரியநாதனுக்குக் கயிறு இழுத்துப் பழகிய கை. செடி பிடுங்கிப் பழக்கமில்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஒவ்வொன்றும் சிற்றிலந்தைப் பழம்.

"கை வலிக்கலியா ஒனக்கு?" என்றார் நீலமேகம்.

"தெரியலீங்க."

"தெரியலயா? ஏம்ப்பா, கை ஒன்னோடதுதானே?"

தைரியநாதன் குனிந்து அடுத்த செடியைப் பிடித்தான். வேர் மண்ணோடு கிளம்பியபோது, சொல்லாமல் கொள்ளாமல் அந்த நினைப்பு வந்தது. சங்கிலியின் கொக்கி எப்போதும் மாதாவின் பின்கழுத்தில், மரத்தில் செதுக்கிய கூந்தல் மடிப்பில் மாட்டிக்கொள்ளும். நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். போன வருஷம் நெம்பியது ஞாபகம் இருக்கிறது, நகம் ஒடிந்ததும்கூட. இந்த வருஷம்?

இந்த வருஷம் நெம்பியதாக நினைவில்லை.

திருநாள் அன்று சாயந்தரம் கழற்றப் போனபோது எஸ்தாக்கி முசியே தடுத்தார். சைகோனிலிருந்து மருமகன் வருகிறார், மறுநாள் காலையில் வந்து பார்க்கட்டும், இருக்கட்டும் என்றார். மருமகன் காலையில் வரவில்லை. மத்தியானம் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, சென்ட்டுப் பூசிக்கொண்டு வந்தார். அவர் பார்த்துவிட்டுப் போவதற்கும் ஜெப நேரம் நெருங்குவதற்கும் சரியாக இருந்தது. 'போர்த்துப்பா, போர்த்துப்பா' என்று சாமியார் விரட்ட, ஏணியில் ஓடி ஏறித் துணியை விரித்தான். ஏறினால் கழற்றுவது இத்தனை வருஷத்துப் பழக்கம். அதனால் கழற்றியதாகவே மனசு எழுதிக்கொண்டுவிட்டது.

வீட்டுக்கு வந்தான். கோயில் காம்பவுண்டுக்கு உள்ளேயே, கோயில்பிள்ளைக்கென்று விட்டிருந்த ஓட்டு வீடு. வியாகுலம் அடுப்படியில் இருந்தாள். அடுத்த வீட்டு ஆஸியா பீவி, கொல்லை வேலியைத் தாண்டி வந்து அம்மி மேல் உட்கார்ந்திருந்தாள். ஊரே பேச்சை நிறுத்திவிட்ட பிறகு அவள் மட்டும் முன்னைவிட இரண்டு மடங்கு பேசினாள்.

"இந்தா புள்ள, கொடுவா வாங்குனேன், பாதிய நீ வச்சிக்க. என்னமோ சங்கிலியாம், போர்த்துறதாம். எங்க பள்ளிவாசல்ல இந்தத் தொல்லையே இல்ல. செருப்பு மட்டுந்தான் காணாப்போவும்."

வியாகுலம் சிரித்துவிட்டாள். உடனே சிரித்ததற்கு வெட்கப்பட்டாள்.

தைரியநாதன் சட்டியைப் பார்த்தபடியே சொன்னான்: "வியாகுலம், நான் கழட்டல போலருக்கு."

"எத?"

"சங்கிலிய. துணிக்குள்ளதான் இருக்கும்."

கரண்டி அப்படியே நின்றது. "என்னங்க சொல்றீங்க? பாடு மேல ஆணையிட்டீங்களே!"

"இட்டுட்டேன்."

"இட்டுட்டாரு!" என்றாள் ஆஸியா பீவியைப் பார்த்து. "கேட்டீங்களாக்கா, இட்டுட்டாராம். ஊரு காறித் துப்புது, ஒலைக்கி அரிசி இல்ல, இவரு உளுந்துக்கொல்லையில நின்னு இன்னிக்கி யோசிச்சாராம்."

"கோவிச்சுக்காத புள்ள. இப்பவாச்சும் வந்துச்சே. போயி துணிய தூக்கிப் பாத்தா முடிஞ்சிச்சு."

"தூக்கக்கூடாது" என்றான் தைரியநாதன்.

"ஏன்?"

"தூக்கக்கூடாதுக்கா. பாவம்."

ஆஸியா பீவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யா அல்லா" என்று சொல்லி மீன் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வேலியருகே போனபிறகு ஞாபகம் வந்து, பாதி மீனோடு திரும்பி வந்தாள்.

சாமியார் வீட்டு வராந்தாவில் பால் ஊற்றாத காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"தோத்திரம் சாமி."

"என்ன தைரியநாதா, கொண்டாந்துட்டியா?"

"இல்ல சாமி. மாதா துணிய ஒரு தடவ அவுத்துப் பாத்துட்டா தேவல. நான் சங்கிலிய கழட்டலியோன்னு இருக்கு."

சாமியார் நிமிர்ந்தார். "கழட்டி பீரோவுல வச்சேன்னு ஆணையிட்டது யாரு?"

"நான்தான் சாமி."

"அப்ப அது பொய்யா?"

"பொய்யில்ல சாமி. மறதி."

"நல்லாருக்கே. இன்னிக்கி துணிக்குள்ளங்கற. அவுத்துப் பாத்து அங்கயும் இல்லன்னா நாளைக்கி எங்கம்ப? கூரை மேலம்பியா?" குரலைத் தாழ்த்தினார். "பாடுகளோட காலத்துல சுரூபத்தத் தொறக்க எனக்கு உத்தரவில்ல. யாராச்சும் மேற்றிராணியாருக்கு எழுதிப் போட்டா நான்ல பதில் சொல்லணும்? சனிக்கெழம தானா விழப்போவுது. இருந்தா அப்ப தெரிஞ்சிட்டுப் போவுது."

"அதுவரைக்கும் சாமி?"

"பொறுமையா இரு. சேசுநாதர் பொறுமையா இருக்கலியா?"

அது நியாயமாகத்தான் பட்டது தைரியநாதனுக்கு. தோத்திரம் சொல்லிவிட்டு வந்தான். வீட்டில் அதை அப்படியே ஒப்பித்தான். வியாகுலம் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, சேசுநாதர கட்டிவச்சு அடிச்சவங்க வந்து 'நீ பொறுமையா இரு'ன்னு சொன்னாங்களா? அவராத்தானே இருந்தாரு. அடிக்கிறவங்களே சொல்லிக் குடுக்கிறது எந்த வேதத்துல இருக்கு?"

"சாமிய அப்புடி பேசாத."

"சரி, பேசல. சோறு போடட்டுமா?"

"போடு."

"பசிக்கிதா?"

"தெரியல."

குருத்து ஞாயிறு வந்தது. எல்லோரும் ஓலையோடு போனார்கள்; தைரியநாதன் வீட்டுக்கு ஓலை வரவில்லை. அவனுக்குப் பதிலாக மணி அடிக்கிற செல்லையன், அடித்த அடியில் பூசைக்கு அடிக்கிறானா சாவுக்கு அடிக்கிறானா என்று தெரியாமல், தலத்தெருவில் பாதிப் பேர் வேட்டி மாற்றிக்கொண்டு துக்கம் கேட்கக் கிளம்பிவிட்டார்கள். அதைக் கேட்டும் தைரியநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. வியாகுலத்துக்கு அதுதான் பயமாக இருந்தது. பெரிய செவ்வாய்க்கிழமை மத்தியானம், வெயிலில் நாய்கூட நடமாடாத நேரத்தில், அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோயிலுக்குள் போனாள்.

உள்ளே ஒருவரும் இல்லை. ஊதா மூட்டைகளாகப் புனிதர்கள் வரிசையாக நின்றார்கள். மாதாவின் பாதத்தடியில் முட்டி போட்டாள். அவள் போட்ட தையல். நூல் நுனி அவள் விட்ட இடத்தில் தொங்கியது. ஒரு இழுப்பு போதும். மங்களவார்த்தை ஜெபத்தை ஒரு தடவை சொல்லிவிட்டு இழுக்கலாம் என்று நினைத்தாள். அந்த ஒரு ஜெபம்தான் கெடுத்தது.

"திருடி!"

எஸ்தாக்கி முசியே சிலுவைப் பாதை ஜெபம் செய்ய வந்திருந்தார். கையில் குடை. குடையைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு நடுக்கோயிலில் நின்றார். அவர் போட்ட சத்தத்தில் தூணிலிருந்த புறாக்கள் திருப்பட்டினம் வரைக்கும் போய்த்தான் உட்கார்ந்தன.

"சங்கிலி பத்தலியா? கிரீடத்துக்கும் வந்துட்டியா?"

வியாகுலம் எழுந்திருக்கவில்லை. "கிரீடம் வேணாம் முசியே. நூலத்தான் இழுக்க வந்தேன். உள்ள ஒங்க சங்கிலி கெடக்கு."

"உள்ளயா? எவ சொன்னது?"

"பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது. இந்தாங்க, நீங்களே இழுங்க. ஒங்க சங்கிலிதானே? ஒங்க கையாலயே இழுங்க."

அவர் ஒரு அடி பின்னால் போனார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "பெரிய வாரத்துல சுரூபத்தத் தொறந்த பாவத்த நான் எதுக்கு கட்டிக்கணும்?"

"எங்க தலையில ஒரு பாவத்தக் கட்டிவிட்டீங்களே, அது மட்டும் செல்லுமா?"

சத்தம் கேட்டுப் பெண்கள் ஓடிவந்துவிட்டார்கள். ஒருத்தி அவள் மடியைத் தட்டிப் பார்த்தாள். ஒருத்தி குத்துவிளக்கு இருக்கிறதா என்று சரிபார்த்தாள், அது ஆளுயர விளக்கு என்பதை மறந்து. யாரும் நூலைத் தொடவில்லை. சாயந்தரம் சாமியாரிடமிருந்து ஆள் வந்தது: பாஸ்காத் திருநாள் முடிந்ததும் வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துவிட வேண்டும்.

"எங்க போறது?" என்றாள் வியாகுலம்.

தைரியநாதன் கொப்புளத்துக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். "போவோம்" என்றான்.

பெரிய சனிக்கிழமை காலைப் பூசைக்கு இரண்டு பேரும் போய்க் கடைசியில் நின்றார்கள். குளோரியா எடுத்தார்கள். செல்லையன் பெரிய மணியை இஷ்டத்துக்கு அடித்தான். தனிஸ்லாஸ் சாமியார் நடந்துபோய் நூலைப் பிடித்தார். இழுத்தார். தையல் சரசரவென்று பிரிந்தது. துணி இறங்கியது.

மாதாவின் கழுத்தில் சங்கிலி கிடந்தது.

சாமியார் கையில் நூலோடு அப்படியே நின்றார். தைரியநாதன் கீழே குவிந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எரியும் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. தீப்பிடிக்குமே என்று நினைத்தான். வேறொன்றும் தோன்றவில்லை. வியாகுலம்தான் அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

அப்போது முன்வரிசையில் எஸ்தாக்கி முசியே, தனக்கென்று கொண்டுவந்து போட்டிருந்த நாற்காலியோடு விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே இரண்டு கையையும் தூக்கினார்.

"புதுமை! மாதா திருடன்கிட்டேர்ந்து மீட்டுக் கொண்டாந்துட்டா! அற்புதம்! புதுமை!"

அவ்வளவுதான். கோயில் கொந்தளித்துவிட்டது. அழுகிறவர்கள் அழ, உருளுகிறவர்கள் உருள, அந்தோனியார் சுரூபம் தலையை ஆட்டியதைப் பார்த்ததாக மூன்று வெவ்வேறு திசையிலிருந்து மூன்று பேர் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் கதைக்குக் கை கால் முளைத்துவிட்டது. சங்கிலி நெருப்பாய்ச் சுட்டதாம். திருடன் அலறிக்கொண்டு நெரவியிலிருந்து தவழ்ந்தே வந்தானாம். பூட்டிய கோயிலுக்குள் சிறகடித்து வந்த சம்மனசுகள் வாங்கிக்கொண்டு போனார்களாம். திருடன் கை வெந்திருக்கிறதா என்று பார்க்கத் திருப்பட்டினத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

வெந்துதான் இருந்தது. கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தவர்கள் கொப்புளத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"உளுந்து புடுங்குனதுங்க அது!" என்று கத்தினாள் வியாகுலம். "உளுந்து!"

"ஆமாம்மா, ஆமாம்மா" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, கொப்புளத்தை ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

சாயந்தரம் வெயில் இறங்கும்போது சாமியாரும் முசியேயும் சேர்ந்து வந்தார்கள். முசியே புது மனுஷராக இருந்தார். முகத்தில் அப்படி ஒரு கனிவு.

"தைரியநாதா, நாளைக்கி பாஸ்காத் திருநாள். சாயந்தரம் மாதாவ தேர்ல வச்சு ஊர்வலம். செலவெல்லாம் நம்மளுது. தேருக்கு முன்னால சிலுவையத் தூக்கிக்கிட்டு நீ நடக்கணும். சிலுவையில சேசுநாதர் பக்கத்துல நல்ல கள்ளன் இருந்தான்ல, அந்த மாதிரி."

"நான் கள்ளன் இல்லீங்களே முசியே."

"அதான் மன்னிச்சாச்சே! இனிமே ஒன்ன எவனும் கள்ளன்னு சொல்ல மாட்டான்."

"எடுக்காததுக்கு என்னாத்த மன்னிக்கிறது?" என்றாள் வியாகுலம் உள்ளேயிருந்து.

முசியே காதில் வாங்கவில்லை. "வூடு ஒனக்குத்தான். மணி ஒனக்குத்தான். நீ நடந்தா போதும். வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லக்கூட வேணாம்."

தைரியநாதன் சாமியாரைப் பார்த்தான். "சாமி, நீங்க புதுமைன்னு நம்புறீங்களா?"

தனிஸ்லாஸ் சாமியார் முற்றத்தில் காய்ந்த மிளகாயைப் பார்த்தார். "ஜனங்க விசுவாசத்துல இருக்காங்க தைரியநாதா. அத கெடுக்கலாமா?"

"வர்றேன் சாமி" என்றான் தைரியநாதன்.

அவர்கள் போனதும் வியாகுலம் வாசற்படியில் வந்து நின்றாள். "வர்றேன்னுட்டீங்க."

"ம்."

"நாளைக்கி நடந்துட்டா காலத்துக்கும் நீங்க கள்ளன்தான். தெரியுதா?"

"தெரியுது."

"நான் வரமாட்டேன். நீங்க போங்க."

அவள் மிளகாயை அள்ளினாள். காரம் ஏறிக் கண்ணில் நீர் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மறுநாள் அவள் போனாள். ஆஸியா பீவி, 'நீ வராட்டி நான் போவேன், எனக்குத் தாங்காது' என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டதால், வேறு வழியில்லாமல் போனாள். கோயில் வாசலில் காரைக்கால் மொத்தமும் நின்றது. கடலில் மீன்கூட அன்று கரையோரம் வந்து எட்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். தேரில் மாதா, கழுத்தில் சங்கிலி. தேர் வடத்தைப் பிடித்து ஆட்கள் தயார். சரிகை அங்கி போட்ட சாமியார், பளபளக்கும் ஊர்வலச் சிலுவையைத் தைரியநாதன் கையில் கொடுத்தார்.

அவன் வாங்கினான். நடக்கவில்லை.

"சாமி, ஒரு வார்த்த சொல்லிட்டு நடக்குறேன்."

கூட்டம் அடங்கியது. அழப்போகிறான் என்று கைக்குட்டை எடுத்தார்கள். அவன் குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. வீட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னான்.

"சங்கிலிய நான் எடுக்கல. கழட்டவும் இல்ல. கழட்டினதா ஆணையிட்டுட்டேன், அது என் பாவம். மறந்துட்டேன். சங்கிலி மாதா கழுத்துலயேதான் இருந்துச்சு. மாதா ஒண்ணும் செய்யல."

'ஆ' என்று ஒரு பெருமூச்சு எழுந்தது. பின்னாலிருந்து ஒருவன், "அப்ப கை ஏன்டா வெந்துச்சு?" என்று கத்தினான். "உளுந்து! உளுந்து!" என்று ஆஸியா பீவியின் குரல் தனியாகக் கேட்டது.

"பயத்துல ஒளர்றான்" என்றார் எஸ்தாக்கி முசியே. "வடத்த இழுங்க! சாமி, இழுக்கச் சொல்லுங்க."

தைரியநாதன் சாமியாரைப் பார்த்தான். கேட்கிற பார்வை அல்ல. சிலுவையை இப்போது எங்கே வைப்பது என்று தெரியாத பார்வை.

தனிஸ்லாஸ் சாமியாரின் உதடு காய்ந்திருந்தது. முதலில் அவர் சொன்னது பக்கத்தில் நின்ற நாலு பேருக்குத்தான் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னார்.

"அவன் சொல்றது நெசம். துணிய அவுத்துப் பாருங்க சாமின்னு எங்கிட்ட வந்து கேட்டான். நான் பாக்கல. மேற்றிராணியாருக்குப் பயந்தேன். முசியேக்குப் பயந்தேன். மாதா கழுத்துல சங்கிலி கெடந்துச்சு, நான் இவன பிரசங்கத் தொட்டியில ஏறித் திருடன்னேன்."

"சாமி!" என்று முசியே அங்கியைப் பிடித்தார். "சாமி, புதுமைய கெடுக்காதீங்க சாமி."

சாமியார் அந்தக் கையை மெதுவாக விலக்கினார். தைரியநாதனிடம் போய், தலை குனிந்து, சிலுவையை வாங்கிக்கொண்டார். கள்ளன் நடக்க வேண்டிய இடத்தில், தேருக்கு முன்னால் தனியாகப் போய் நின்றார். திரும்பிப் பார்க்காமல் நடக்கத் தொடங்கினார். வடம் பிடித்தவர்களுக்கு இழுப்பதா விடுவதா என்று தெரியவில்லை. சாமியார் போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் இழுத்தார்கள்.

தைரியநாதன் வெறுங்கையோடு நின்றான். வியாகுலம் வந்து, "வாங்க, வூட்டுக்குப் போவலாம்" என்றாள். போனார்கள்.

இதோடு புதுமை ஒழிந்தது என்று நினைத்தால் அது காரைக்காலைத் தெரியாதவர்கள் நினைப்பது. திருடனை மன்னித்த கையோடு சாமியாரையே சிலுவை சுமக்க வைத்தாள் தோணி மாதா என்று அதுவும் கதையில் சேர்ந்துகொண்டது. முசியே மட்டும் சில காலம் நாற்காலியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு முட்டி வலிக்கவும் கொண்டுவந்து போட்டுவிட்டார்.

பாஸ்காவுக்கு மறுநாள் திங்கட்கிழமை காலையில் தைரியநாதன் பழையபடி கோயிலுக்குள் உட்கார்ந்து ஊதாத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். நெரவியிலிருந்து கமலாம்பாள் என்கிற பெண்மணி, நெற்றி நிறையக் குங்குமமும் கையில் மெழுகுவத்தியுமாக வந்து நின்றாள்.

"காணாப்போனத மீட்டுக் குடுக்கிற மாதா இதானுங்களா?"

"மாதா இதான்மா. ஆனா ஒண்ணும் காணாப்போவல. நான்தான் மறந்துட்டேன்."

"நீங்கதான் அந்தக் கள்ளனா?"

"கள்ளன் இல்லம்மா. மறதிக்காரன்."

"என்னமோ போங்க. எங்க கறவ மாடு ரெண்டு நாளா காணல. கன்னுக்குட்டி கத்துது. ஊரெல்லாம் தேடியாச்சு."

தைரியநாதன் துணியை மடியில் வைத்தான். "எங்க கட்டியிருந்தீங்க?"

"வாய்க்காங்கரை புளியமரத்துல."

"அங்க போயி பாத்தீங்களா?"

"அங்க இல்லாததுனாலதானே தேடுறோம்!"

"இல்லன்னு யாரு சொன்னது?"

"எம் மச்சினன் சொன்னாரு."

"அவரு போயி பாத்தாரா?"

கமலாம்பாள் மெழுகுவத்தியை இறக்கினாள். "அவரு அன்னிக்கி காலையிலேர்ந்து திருநள்ளாத்துலல்ல இருந்தாரு" என்றாள், தனக்கே சொல்வது போல.

"மொதல்ல அங்க போயி பாருங்கம்மா. இல்லன்னா வாங்க, ஏத்துவோம்."

"என்னா கோயில்புள்ள நீங்க, வந்த மெழுகுவத்திய வேணாங்கிறீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் படியிறங்கினாள். முதலில் மெதுவாக நடந்தாள். தெருமுனை திரும்பும்போது ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

தைரியநாதன் வாசல்வரை எழுந்துவந்து நின்று அவள் போவதைப் பார்த்தான். வெயில் கண்ணைக் குத்தியது. மாடு அங்கே இருக்க வேண்டுமே என்று இருந்தது. சங்கிலி தொலைந்த நாளிலிருந்து அவனுக்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றியது அதுதான் முதல் தடவை.